வாக்குண்மையும் வாழ்வின் பேறும்

நீதியாய் வாழ்வோர்க்குக் கடவுள் அருளும் பேறு யாது என்னும் வினா புதிதன்று. ஆலயங்களிலும் செபக் கூட்டங்களிலும், நம் மாணவர் விடுதிகளில் நிகழும் மாலை வழிபாட்டினும், அதற்கு விடை நாடோறும் கூறப்பட்டு வருகின்றது. ஒருவர் எழுந்து, தாம் உண்மையாய் நடந்தமையால் கைவிட்டுப்போன வீடு மீண்டும் கிடைத்தது என்பர். மற்றொருவர், தவறாது ஆலயஞ் சென்றமையால் தம் மகனுக்கு அரசாங்க வேலை வாய்த்தது என்பர். மாணவ நண்பர் ஒருவர், எதிர்பாராத மதிப்பெண் பெற்றதனைச் சான்றாகக் காட்டி அமர்வர். கேட்போர் 'ஆமென்' என்கின்றனர். இச்சான்றுகளுட் பல நன்றியுள்ளத்தினின்று பிறப்பன. அவற்றை எள்ளி நகையாடுதல் எம் நோக்கமன்று. ஆயினும், இவையே நீதிமானுக்குரிய பேறு என்னும் எண்ணம் நம்மிடைப் பெருகிவருமாயின், வேலை வாயாதவனும் வீடிழந்தவனும் அவ்வாலயத்தில் யாண்டு அமர்வது? தான் நீதியற்றவனென்று அவன் தன்னைத்தானே எண்ணிக்கொள்ள வேண்டுமோ? இது குறித்து எம் மனத்திற்பட்டதை ஈண்டு எழுதத் துணிந்தனம்.

யோபின் சரித்திரத்தை நம்மவர் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் படித்து வருகின்றனர். அந்நூலைத் தொடக்கத்தினின்று ஊன்றிப் படிப்போர்க்கு வேறொன்று புலனாகும். ஊத்ஸ் தேசத்து யோபு 7,000 ஆடுகளும், 3,000 ஒட்டகங்களும், 500 ஏர்மாடுகளும், 500 கழுதைகளும் உடைய பெருஞ்செல்வன். கடவுட்கு அஞ்சித் தீமையை விலக்கியவன். இவ்விரண்டையும் ஒருங்கே கண்ட சாத்தான் ஒரு வழக்கை எழுப்புகின்றான். யோபு கடவுளை வழிபடுவது கூலிக்காகவே. கூலி நின்றால் வழிபாடும் நிற்கும் என்பது அவன் வழக்கு. நூலின் எஞ்சிய பகுதி முழுதும் இவ்வழக்கின் விசாரணையே என்று கூறலாம். கடவுள் எமக்கு இன்னது தந்தார், ஆகலின் அவரைப் போற்றுகின்றோம் என்று மட்டும் கூறி நாம் அமர்வோமாயின், அவ்வழக்கில் எப்பக்கத்திற்குச் சாட்சி சொல்லினோம் என்பதைச் சற்று நினைத்துப் பார்த்தல் நன்று.

யோபின் நண்பர் மூவரும் கொடியவரல்லர். ஏழு நாள் அவனோடு தரையில் வாய்பேசாது அமர்ந்திருந்தனர். அத்துணை நட்பு எக்காலத்தும் அரிது. வாய் திறந்த பின்னரே பிழைத்தனர். துன்பம் வந்துளது, ஆகலிற் பாவம் இருந்திருத்தல் வேண்டும் என்பது அவர் கணக்கு. அக்கணக்கு எத்துணைச் சீரிய நடையிற் கூறப்பட்டிருப்பினும், இறுதியில் கடவுள் சினங்கொள்வது அவர்மீதே. தம்மோடு வழக்காடிய யோபின்மீது அவர் சினந்திலர்.

எல்லாம் இழந்த யோபு, தன் பழைய நாட்களை நினைந்து 29-ஆம் அதிகாரத்தில் நீள உரைக்கின்றான். தமிழிலக்கியம் பயிலும் யாம் அப்பகுதியைச் செய்யுளாகவே கொண்டு படித்தோம். அது மூலத்திற் செய்யுளே. அங்கே தன் செல்வத்தை அவன் வெண்ணெயும் எண்ணெயுமாக ஓரடியிற் சொல்லிக் கடந்துவிடுகின்றான். ஆட்டுமந்தையின் தொகை அங்கு இல்லை. ஏழையை விடுவித்ததும், பெற்றோரற்ற பிள்ளைக்குத் துணைநின்றதும், கைம்பெண்ணின் உள்ளத்தை மகிழ்வித்ததும், கண்ணிலார்க்குக் கண்ணும் முடவர்க்குக் காலுமாய் இருந்ததும் அடியடியாக விரிகின்றன. ஊர் வாயிலில் முதியோரும் தனக்கு எழுந்து நின்ற பெருமையைக் கூறுங்காலும், அதற்கு இவற்றையே காரணமாகக் காட்டுகின்றான். தான் பிறர்க்குப் பயன்பட்ட நாட்களையே தான் பெற்றிழந்த பேறாக எண்ணி ஏங்குகின்றான் என்பது வெளிப்படை.

இறுதியில் அவனுக்கு யாவும் இரட்டித்தனவே எனச் சிலர் வினவுவர். உண்மைதான், ஆடுகள் 14,000 ஆயின. ஆயினும், தன்னைப் பழித்த நண்பர்க்காக அவன் வேண்டுதல் செய்த பின்னரே அது நிகழ்ந்தது. மேலும், இரட்டித்தவை ஆடுமாடுகளே. இறந்த மக்கள் பதின்மரும் மீண்டு வந்திலர். வேறு பதின்மர் பிறந்தனர் என்று நூல் கூறும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எவளேனும் அதனை ஈடென்று ஒப்புவாளோ? நூலாசிரியர் அக்கணக்கைச் சரிக்கட்ட முயலாது விட்டமை அவர்தம் பெருமை என்பது எம் துணிபு.

நிற்க. பேறு யாது என்று துணியுமுன், 'விசுவாசம்' என்னுஞ் சொல்லையும் சிறிது ஆராய்தல் வேண்டும். இக்காலத்து ஆலயங்களில் அச்சொல் உள்ளத்தில் நிகழும் நம்பிக்கை ஒன்றையே குறிப்பதாய்ச் சுருங்கிவிட்டது. வீதியிலோ அது சுருங்கவில்லை. எசமானிடம் விசுவாசமுள்ள வேலைக்காரன் என்பர். நாயின் விசுவாசத்தைப் புகழ்வர். அங்கெல்லாம் அது கைவிடாது நிற்றலைக் குறிக்கின்றது. கிரேக்கத்திற் 'பிஸ்திஸ்' என்னும் சொல் இவ்விரு பொருளையும் ஒருங்கே உடையது. எபிரேயத்தில் 'எமூனா' என்பது உறுதியாய் நிற்றலென்னும் பொருளுடைய வேர்ச்சொல்லினின்று பிறந்தது. நாம் நாடோறும் கூறும் 'ஆமென்' என்பதும் அவ்வேரினின்றே முளைத்தது. யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில், அமலேக்கியரோடு போர் நிகழ்கையில் மோசேயின் உயர்த்திய கைகள் சோர்கின்றன. ஆரோனும், ஊர் என்னும் பெயருடையானும் இருபுறமும் நின்று தாங்க, அக்கைகள் பொழுது சாயுமளவும் நிலைத்து நின்றன. அவ்விடத்து மூலத்தில் உள்ள சொல் எமூனா என்பதே. சோர்ந்த கை பிறர் தாங்க நிலைநிற்றலுக்கு அச்சொல் ஆளப்பட்டமை எமக்கு மிகவும் இனிக்கின்றது. (நம் மொழியில் 'நம்பு' என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் விருப்பம் என்னும் பொருளைக் கூறியதும் ஈண்டு நினைவுக்கு வருகின்றது. ஆராய்வார்க்கு அது வேறொரு கட்டுரைக்குப் பொருளாம்.)

நீதிமான் எதனாற் பிழைப்பான் என்று ஆபகூக்குத் தீர்க்கர் கூறுமிடத்தும் எமூனாவே வருகின்றது. பவுல் அப்போஸ்தலர் அதனை ரோமர்க்கும் கலாத்தியர்க்கும் எடுத்தெழுதினார். 16-ஆம் நூற்றாண்டில் லூத்தரின் சீர்திருத்தம் அவ்வாசகத்தின்மேல் எழுந்தது. கடவுளைச் சார்ந்து நிற்றலே ஒருவனை நீதிமானாக்கும் என்னும் அவ்வுண்மையை யாம் மறுத்திலேம். கடவுளைச் சார்ந்தவன், பிறர் சாரத்தக்கவனாகவும் ஆதல் வேண்டும் என்னும் மறுபாதி நம்மிடை மங்கிவிட்டது என்பதே எம் குறை. தன் சொல்லின்மேல் அயலான் தன் பாரத்தை இறக்கிவைக்கலாம்படி வாழ்தல் விசுவாசத்தின் பாதியாகும். அவ்வாறு வாழ்வோன் பெறும் பேறு, பிறர் அவனை நம்புதல். அப்பேற்றின் பயனை நுகர்வோரும் பெரும்பாலும் பிறரே.

இதற்கு நம் தஞ்சை நாட்டிலேயே ஒரு வரலாறு உண்டு. கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர் 1726-ஆம் ஆண்டில் பிரஷ்ய அரசைச் சார்ந்த சோனன்பர்க்கிற் பிறந்தவர். ஆலே நகரிற் பயின்று, அங்கேயே தமிழுங் கற்கத் தொடங்கி, 1750-ஆம் ஆண்டில் இந்நாட்டிற் கரையேறித் தரங்கம்பாடியிற் பணி தொடங்கினார். பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சையிலும் தங்கி, 1798 பெப்ருவரி 13-ஆம் நாள் தஞ்சையிலேயே உயிர்நீத்தார். ஏறக்குறைய நாற்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருமுறையேனும் தாய்நாடு சென்றிலர், மணமும் புரிந்திலர். தமிழேயன்றி மராட்டியும் இந்துஸ்தானியும் பாரசீகமும் அறிந்தவர்.

அக்காலத்து உடன்படிக்கைகளுக்குக் குறைவில்லை. அவற்றைக் காப்பாரே இலர். சென்னைக்கு அணித்தே படையோடு வந்த மைசூர் ஐதர் அலியுடன் ஆங்கிலக் கும்பினியார் 1769-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை செய்தனர். ஒருவர்க்கு இடர் நேரின் மற்றவர் துணைநிற்பது என்பது அதன் விதிகளுள் ஒன்று. பின்னர் மராட்டியர் மைசூர்மேற் படையெடுத்தபோது கும்பினியார் துணைவந்திலர். ஐதர் அதனை மறந்திலர். 1779-ஆம் ஆண்டில் அவர்தம் உட்கோளை அறிந்து அமைதியை நாட வேண்டியபோது, சென்னை ஆளுநர் சர் தாமஸ் ரம்போல்டு தம் அலுவலர் எவரையும் விடுத்திலர். சுவார்ட்ஸ் ஐயரையே சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். முத்திரையிட்ட ஓலையை நம்பாத ஐதர், இக்குருவை மதிப்புடன் ஏற்று உரையாடினார். வழிச்செலவுக்கென்று அவர் அளித்த 300 ரூபாயை ஐயர் தமதெனக் கொள்ளாது கும்பினியாரிடம் ஒப்புவிக்க முற்பட்டார். அவர் ஏலாமையால், அத்தொகையைத் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதலாக்கினார்.

தூது பலிக்கவில்லை. 1780-ஆம் ஆண்டில் ஐதரின் பெரும்படை கருநாடகச் சமவெளியிற் பாய்ந்தது. ஆயினும் அக்குருவை எவ்விடத்தும் தடுக்கலாகாது என்று ஐதர் தம் படையினர்க்குக் கட்டளையிட்டிருந்தார். அவர் மகன் திப்பு சுல்தான் காலத்தில், 1783-இல், மீண்டும் தூது செல்ல முயன்ற ஐயர் சத்தியமங்கலத்திலேயே நிறுத்தப்பட்டார் என்பதையும் மறையாது கூறுதல் கடன். வாக்குண்மை மந்திரமன்று, எல்லாக் கதவும் அதற்குத் திறவா.

அப்போரினால் தஞ்சைக்கு நேர்ந்த இடரின்போதே அவர்தம் சொல்லின் மதிப்பு முழுதும் வெளிப்பட்டது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. கோட்டைக்குள்ளே மக்கள் பசியால் தெருவில் வீழ்ந்து மாண்டனர். நெல்லை ஏற்றிவரப் பொதியெருது இல்லை. எருதுடையார் எவரும் வர உடன்பட்டிலர். முன்னர் அவர் கொண்டுவந்த நெல்லுக்கு விலையும், எருதுக்குக் கூலியும் கொடுக்கப்படாமையே காரணம். அரண்மனையார் அழைத்தனர், வந்திலர். கும்பினியார் அழைத்தனர், வந்திலர். நம்மெல்லார் சொல்லும் மதிப்பிழந்தது, இக்குருவின் சொல்லையேனும் மக்கள் ஏற்பரோ பார்ப்போம் என்னும் நிலைக்குத் துளஜா மன்னர் வந்துவிட்டார். அவர்தம் வேண்டுகோளின்படி, கூலியும் விலையும் தவறாது கொடுக்கப்படும் என்று ஐயர் தம் பெயராற் சொல்லியனுப்பினார். ஓரிரு நாட்களில் ஏறக்குறைய 1,000 எருதுகள் வந்து நின்றன. தம் சபையார் ஒருவரை அவற்றோடு நாட்டுக்குள் விடுத்தார். 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. ஒரு கலமாவது பன்னிரண்டு மரக்கால். கணக்கறிந்தோர் பெருக்கிப் பார்க்க. யாவும் முடிந்த பின்னர், அனைவர்க்கும் பேசியபடி எண்ணிக்கொடுத்து, மேலும் சிறிது அன்பளிப்புஞ் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினார். அதற்குத் தம்மிடம் இருந்தது போதாமையால், தம்மிடமிருந்த பிறர் பணத்தையும் எடுத்துக்கொடுத்ததாக அவரே எழுதியுள்ளார்.

இதனைப் படிக்குந்தோறும் எருதின் தொகையினும் நாளின் சுருக்கமே எம்மை வியப்பிக்கின்றது. ஓரிரு நாளில் நம்பிக்கை பிறவாது. அவ்விரு நாட்களின் பின்னே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்தன. அவ்விருபது ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் அவர் யார்யார்க்கு என்ன வாக்குக் கொடுத்தார், எவற்றைக் காத்தார் என்பதை எவரும் ஏட்டில் எழுதிவைத்திலர். உழவரும் எருதுக்காரரும் நினைவில் வைத்திருந்தனர் போலும். அவர் கேட்டபொழுது அக்கணக்கைத் தீர்த்தனர்.

பின்னரும் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. கொடிய வரிப்பிடிவுக்கு ஆற்றாது குடிகள் ஊரைவிட்டு ஓடினர். தஞ்சை நாட்டு வயல்கள் தரிசாய்க் கிடந்தன. இனி நீதி செய்வோம் என்று மன்னர் கூறியதை எவரும் நம்பிலர். ஐயரைக்கொண்டு அவ்வுறுதியைக் கூறுவித்த பின்னர், ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர். ஏனையோரும் தொடர்ந்து வந்தனர். பயிரிடும் பருவம் கழியுந் தறுவாயில் இருந்தது. உமக்காக இரவும் பகலும் உழைப்போம் என்று கள்ளர் குலத்தார் அவர்க்கு உறுதி கூறினர்.

இவ்வரலாற்றில் நீதிமான் பெற்ற பேறு யாது என்று கேட்போம். அவர்க்கு நிலம் பெருகவில்லை, மக்கட்பேறு இல்லை, விட்டுச்சென்ற பொருளையும் தம் பணிக்கே எழுதிவைத்தார். பேறு 80,000 கலம் தானியமாய் வந்தது. அதனை உண்டவர் கோட்டையிற் பசித்திருந்தோர்; அவருட் பெரும்பாலோர் கிறிஸ்தவரல்லர். வள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில், பிறர்க்கு உதவுவான் செல்வத்திற்கு ஊருணியையும், ஊர் நடுவிற் பழுத்த மரத்தையும், மருந்து மரத்தையும் உவமை கூறினார். மூன்றனுள் ஒன்றேனும் தன்னிடமுள்ளதைத் தான் நுகர்வதில்லை. முதற் சங்கீதமும் நீதிமானை நீர்க்கால் ஓரத்து மரமென்றே காட்டுகின்றது. மரம் தன் கனியைத் தானே தின்றதென்று யாம் யாண்டும் கேட்டிலேம்.

துளஜா மன்னர் 1787-இல் இறக்குமுன், தாம் மகவாக ஏற்ற சரபோஜியை ஐயரின் பாதுகாப்பில் விட விரும்பினார். அமர்சிங் ஆட்சியில் அச்சிறுவர்க்கு நேர்ந்த இடர்களையெல்லாம் நீக்கி, கல்வி தந்து, அவர் உரிமைக்காக வாதாடி, ஐயர் முதுமையெய்தினார். சரபோஜி அரியணை ஏறியது 1798-இல். ஐயர் அதனைக் காணாது அவ்வாண்டின் தொடக்கத்திலேயே இறந்தார். தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை அடுத்த கோயிலில், பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பி சமைத்த சலவைக்கற் சிற்பம் இன்றும் உள்ளது. மரணப்படுக்கையிற் கிடக்கும் குருவின் கையை மன்னர் பற்றிநிற்குங் காட்சி அது, அமைப்பித்தவர் அம்மன்னரே. சரபோஜி இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே நின்றார். இதனை ஐயரின் பணியில் ஒரு குறையென எழுதுவோர் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வேறு சமயத்தானொருவன், தன் ஆதாயம் யாதுமின்றி, ஒரு கிறிஸ்தவனை முழுதும் நம்பினான் என்பதே அக்கல் கூறுஞ் சாட்சி. எண்ணிக்கை எழுதும் ஏட்டில் அதற்கு இடமில்லாவிடின் குறை அவ்வேட்டின்மேற்று.

மாணவ நண்பர்க்கு இதனாற் போதருவது என்னை? கல்லூரியை விட்டு நீங்குங்கால் நம்மெல்லார்க்கும் நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று கொடுக்கப்படுகின்றது. யாவர்க்கும் அதில் ஒரே சொல் எழுதப்படுவதால் அதனை ஒருவரும் ஊன்றிப் படிப்பதில்லை. மற்றொரு சான்றிதழை நம் விடுதிச் சமையற்காரரும், நூலகப் பணியாளரும், குறிப்பேட்டை இரவல் தந்த நண்பரும், தேர்வு மண்டபத்தில் அருகிருந்தோரும் எழுத்தின்றி எழுதிக்கொண்டிருக்கின்றனர். தேர்வில் அயலான் விடையைப் பார்த்தெழுதி மதிப்பெண் பெற்று, அம்மதிப்பெண்ணுக்காக மாலை வழிபாட்டில் நன்றி கூறுவோனைக் கேட்டு அருகிருந்தவன் என்ன எண்ணுவான் என்பதை யாம் விரித்தெழுத வேண்டுவதில்லை.

கிரியையினால் நீதியுண்டாம் என்னும் பழைய பிழையை இக்கட்டுரை மீண்டும் கொணர்கின்றதோ என்று இறையியல் கற்றோர் ஐயுறலாம். அன்று. வேர் அருளே, யாம் பேசுவது கனியைக் குறித்து.

இதனினும் கடிய ஒரு மறுப்பு உண்டு. பிறர் நம்புதலே நீதிமான் பெறும் பேறாயின், நீதியாய் நடந்தும் நம்பப்படாது, பழிசுமந்து இறந்தோர்க்கு யாது கூறுவது? திருவிதாங்கூரைச் சார்ந்த நட்டாலத்தில் 1712-இற் பிறந்த நீலகண்டர் அரண்மனை அலுவலர். பொருளிழப்பினால் மனம் நொந்திருந்த அவர்க்கு, குளச்சற் போரிற் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைவரான டி லன்னாய் என்னும் ஒல்லாந்தர், யோபின் சரித்திரத்தைக் கூறினார். அதுவே அவர்தம் மனமாற்றத்துக்குத் தொடக்கம். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேறுபாடு பாராது எல்லாரோடும் கலந்து பழகினார். 1749-இற் சிறைப்பட்டு, இராசத்துரோகி எனப் பழிக்கப்பட்டு, எருமைமீதேற்றி ஊரூராய் இழுத்துச் செல்லப்பட்டு, 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையிற் சுடப்பட்டு இறந்தார். யோபின் சரித்திரத்தால் வந்தவர்க்கு ஆடுகள் இரட்டிக்கவில்லை. அவரை ஆண்டோர் நம்பவுமில்லை. மக்கள் அவரைப் போற்றினர்; கோட்டாற்றில் அவர்தம் கல்லறையை நாடி வந்தனர்; அவ்வளவே அவர்க்குப் பின் எஞ்சியது. வாழ்நாளிற் கிடையாத நம்பிக்கை சிலர்க்குக் கல்லறையின்மேல் முளைக்கின்றது. அதுவுங் கிடையாதவர் எத்தனையோ பேர் இருந்திருப்பர். அவரைக் கடவுள் அறிவார் என்பதன்றி அதற்குமேற் கூற எம்மிடம் விடையில்லை. விடையுண்டு என்போர் யோபின் நண்பர் வரிசையிற் சேர்ந்துவிடாது பார்த்துக்கொள்ளுதல் நன்று.

சுவார்ட்ஸ் ஐயரை இத்துணை புகழ்ந்தபின் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. கள்ளரும் மன்னரும் ஐதரும் நம்பிய அவர்தம் சபையில், மேற்சாதியாரும் ஒடுக்கப்பட்டோரும் தனித்தனியே அமர்ந்தனர். அவர் காலத்துக்கு முன்னரே தொடங்கிய அவ்வழக்கத்தை அவர் மெல்லத் தேயும் என்றெண்ணிப் பொறுத்தார்; அது தேயவில்லை. 1833-ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன், சபையிற் சாதி வேறுபாட்டை அறவே விலக்குமாறு கட்டளையிட்டார். தஞ்சைச் சபையாருட் பலர் அதனை ஏலாது பிரிந்து நின்றனர். சிறுவராய் ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டு, பின்னர்ப் பெத்லேகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரும் சாதியாசாரத்தின் பக்கமே நின்றார். அவர்தம் தமிழை எம்மினும் போற்றுவார் இலர் என்றே கூறுவோம். அதன்பொருட்டு இதனை மூடிவைக்க வேண்டுவதில்லை.

எருதுக்காரனுக்குக் கூலி தவறாது கொடுத்த வாக்குண்மை, கடவுட்கு முன் யாவரும் ஒன்றென்று நாள்தோறும் கூறிய வாக்கினைக் கோயிலுள் நிறைவேற்றாது நின்றுவிட்டது. இஃது ஐயர் ஒருவரின் குறையன்று. அவர்க்குப்பின் வந்த நம்மெல்லார் கணக்கிலும் எழுதப்பட்டுள்ள கடன். புறத்தார் நம் சொல்லை எடைபோடுவது பெரும்பாலும் இவ்வொரு கல்லைக்கொண்டே. நம் செபத்தின் நீளத்தை அவர் அளந்து பார்ப்பதில்லை. நம் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் உளதோ இலதோ என்று பார்க்கின்றனர். தமிழ்நாட்டிற் சிற்சில இடங்களில் அச்சுவர் இன்னும் வீழ்ந்திலது.

தேவசகாயத்தை உரோமைத் திருச்சபை 2022 மே 15-ஆம் நாள் புனிதராக உயர்த்தியது. அதற்கு முன்னரெல்லாம் அவர் பெயரின் பின்னே குலப்பட்டம் ஒன்று சேர்த்தே எழுதப்பட்டு வந்தது. வாழ்நாளில் எல்லாக் குலத்தாரோடும் கலந்து பழகியவர்க்கு அது பொருந்தாது என்று சிலர் எடுத்துக்காட்ட, திருச்சபை அதனை நீக்கிற்று. அவர் இறந்து 270 ஆண்டுகள் சென்றிருந்தன. ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள்களில் 'கிறிஸ்தவ மணமகன் தேவை' என்னும் விளம்பரங்களில், சபையின் பெயரையடுத்து, இன்ன குலம் என்பது இன்றும் அச்சிடப்பட்டு வருகின்றது.